கிணற்றுப் பங்கும் கார் தரிப்பிடமும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நான்கு எல்லைகளையும் சொன்னதோடு உறுதி நின்றுவிடாது. கிணற்றில் எத்தனை பங்கு, அந்தக் கிணற்றுக்குப் போக எது வழி, நீர் ஓட எது வாய்க்கால் என்பனவும் எழுதப்படும். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் பங்காளியின் முன்வாங்கும் உரிமைக்கும் இடமிருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைத் தனியாகவே ஒழுங்குபடுத்தியது. கிணற்றுப் பங்கைக்கூட எழுத்தில் கேட்டு வாங்கிய அதே சமூகத்தில் பலர், கொழும்பில் தொடர்மாடி வீடு வாங்கியபோது, கார் தரிப்பிடத்தைக் கட்டட முதலாளியின் வாய்ச்சொல்லோடு விட்டுவிட்டார்கள்.

இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, நிலம் யாருடையதோ அதன் மேலுள்ள கட்டடமும் அவருடையதே. மூன்றாம் மாடியை மட்டும் ஒருவருக்குச் சொந்தமாக்க அதில் வழியில்லை. இதற்காகவே 1970இல் ஒரு சட்டமும், அதன் இடத்தில் 1973இல் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும் வந்தன. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலம் அது. வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த அந்நாளில், தரிப்பிடம் ஒரு பெரும் வழக்காகும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

1977இன் திறந்த பொருளாதாரம் கார்களைக் கொண்டுவந்தது. 1983இன் கலவரமும் அதன் பின் வந்த போரும் மனிதர்களைக் கொண்டுவந்தன. தொண்ணூறுகளில் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. வாங்கியோரில் பலருக்கு ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். வீட்டைப் பார்க்காமலே வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் வரைபடத்தையா பார்த்திருப்பார்கள்?

பிணக்குகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது, தரிப்பிடம் வீட்டோடு இணைந்த தனி அலகா, எல்லோருக்கும் உரிய பொதுப்பகுதியா என்ற கேள்வி. இரண்டாவது, வீடுகளின் எண்ணிக்கையை விடக் குறைந்த இடங்களை யார் யார் பயன்படுத்துவது என்ற போட்டி. மூன்றாவதே மிகக் கடுமையானது. வாகனம் நிறுத்த என்று காட்டி அனுமதி பெற்ற தரைத்தளத்தில், பின்னர் சுவர் எழும்பிக் கடையோ களஞ்சியமோ முளைப்பது. பொதுப்பகுதி எல்லா உரிமையாளருக்கும் பிரிபடாப் பங்கில் சொந்தமானது. ஊர்க் காணியைப் போல அதைப் பங்குபிரிப்பு வழக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ள முடியாது. ஆகவே இழந்தவரும் எடுத்தவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாக வேண்டும்.

நகரத் திட்டமிடலுக்கும் இதில் பங்குண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபை 1978இல் அமைந்தது. எந்தக் கட்டடத்திற்கு எத்தனை தரிப்பிடம் என்பதை 1986இன் ஒழுங்குவிதிகள் வகுத்தன. இடம் விட முடியாதபோது கட்டணம் செலுத்தும் ஏற்பாடும் இருந்தது. கட்டணம் அரசுக்குப் போனது. கார் ஒழுங்கைக்கு வந்தது. புறக்கோட்டையின் நெரிசலைக் குறைக்க மீன் சந்தை 2011இலும், பின்னர் மெனிங் சந்தையும் களனி ஆற்றுக்கு அப்பால் பேலியகொடைக்கு மாற்றப்பட்டன. லொறிகளை ஆறு கடத்தலாம். குடியிருப்பாளரின் காரை எங்கே கடத்துவது?

அயல்நாட்டு அனுபவம் ஒன்று இங்கே பயன்படும். மும்பையில் தூண்தளத் தரிப்பிடங்களைத் தனித்தனியே விற்கும் உரிமை தனக்கு உண்டென்று ஒரு கட்டட நிறுவனம் வாதிட்டது. 2010 ஓகஸ்ட் 31ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அவை பொதுப்பகுதியே, வீட்டைப் போலத் தனியே விற்கக்கூடிய பொருள் அல்ல என்று தீர்ப்பளித்தது. அது மகாராட்டிரச் சட்டத்தின் அடிப்படையில் எழுந்த தீர்ப்பு. இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் விற்பவர் எதை விற்க முடியும் என்று கேட்கும் துணிவை அது தருகிறது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் திருத்தங்கள் பழைய பொது வசதிகள் சபையைக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையாக்கின. முறைப்பாடு கொண்டு போக ஓர் இடம் உண்டு. ஆனால் அங்கு செல்பவரின் கையில் இருக்க வேண்டியது உறுதியும், பதிவு செய்யப்பட்ட கூட்டாதன வரைபடமும், அனுமதிக்கப்பட்ட கட்டட வரைபடமும் ஆகும். விற்பனை விளம்பரமோ, தரையில் தீட்டிய வெள்ளைக் கோடோ, சுவரில் எழுதிய இலக்கமோ அவற்றுக்கு ஈடாகா.

வெளிநாட்டிலிருந்து வீடு வாங்க எண்ணும் எம்மவர் பணம் அனுப்புவதற்கு முன்பே இம்மூன்றையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தரிப்பிடத்தின் இலக்கம் உறுதியின் அட்டவணையில் இருக்கிறதா என்று நொத்தாரிசிடம் கேட்க வேண்டும். இல்லையென்றால் அதற்கென்று கேட்கப்படும் தொகையைக் கொடுக்கலாகாது. கிணற்றுப் பங்கை எழுதிக் கேட்ட எமது மூதாதையர் அயலவரை நம்பாதவர்கள் அல்லர். அடுத்த தலைமுறை அயலவரோடு பகையின்றி வாழட்டும் என்பதற்காகவே எழுதினார்கள்.