மட்டாஞ்சேரிப் பள்ளியில் ஒரு சத்தியாக்கிரகம்

மட்டாஞ்சேரியில் கொச்சி மன்னரின் அரண்மனையை அடுத்து 1568-ஆம் ஆண்டில் நிர்மாணிக்கப்பட்ட பரதேசி யூதப்பள்ளிக்குள் செல்வோர், நம் கோயில்களுக்குச் செல்வதுபோலவே பாதரக்ஷையைக் கழற்றிவிட்டுத்தான் செல்ல வேண்டும். 1762-இல் சீனத்துக் காண்டன் நகரிலிருந்து கப்பலேறி வந்த, கையால் நீலச் சித்திரம் தீட்டிய வெள்ளை ஓடுகளின்மீது வெறுங்காலுடன் நின்று, நடுவிலுள்ள பித்தளைக் கம்பி சூழ்ந்த வாசிப்பு மேடையையும், சுவரோரமாக வரிசையிட்ட பெஞ்சுகளையும், அவற்றுக்கு மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் காண்போர் அந்த அழகில் மெய்ம்மறந்து போவது இயல்பே. ஆயினும், அப்பள்ளியின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் உள்ளே இருக்கும் பெஞ்சுகளைக் காட்டிலும் வாயிலை ஒட்டிய வெளிமண்டபத்தையே அதிகமாகக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். தலைமுறை தலைமுறையாக ஒரு சாரார் அந்த மண்டபத்துத் தரையில் அமர்ந்துதான் தங்கள் தெய்வத்தைத் தொழுதார்கள்.

யூதர்கள் சேர நாட்டுக்கு வந்த காலம் மிகப் பழமையானது. கி.பி. 1000-ஐ ஒட்டி, பாஸ்கர ரவிவர்மன் எனும் சேர மன்னன் முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு ஜோசப் ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணம் எனும் வணிகக் குழு உரிமையையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கிய செப்பேடு இன்றும் இருக்கிறது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அந்தச் சாசனத்தில் பகல்விளக்கும் பாவாடையும் பல்லக்கும் குடையும் சொல்லப்படுவதைத் தமிழறிந்தவர் எவரும் வேற்றுமொழி என்ற உணர்வின்றிப் படித்து மகிழலாம். அந்நிய மதத்தவர் ஒருவருக்கு மன்னர்களுக்கு நிகரான மரியாதைகளை மனமுவந்து அளித்த அந்த அரசனின் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம், இவ்வளவு பெற்றவர்கள் தங்களுக்குள்ளே ஒருவருக்கொருவர் அதில் நூற்றில் ஒரு பங்கு மரியாதையையேனும் வழங்கியிருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு எழாமல் இருப்பதில்லை. அச்செப்பேடு யாருடைய முன்னோருக்குக் கிடைத்தது என்பதே பிற்காலத்தில் இரு சாராருக்கும் பெரும் வழக்காயிற்று. பழங்குடி மலபார் யூதர்கள் தங்களுடையது என்றார்கள். ஸ்பெயினிலிருந்தும் பிற தேசங்களிலிருந்தும் பின்னாளில் வந்து குடியேறிய பரதேசிகளோ, அதைத் தங்கள் பள்ளியிலேயே பாதுகாத்து வந்தார்கள்.

இவ்விரு சாரார்க்கும் அப்பால், பரதேசிகளின் இல்லங்களில் அடிமைகளாயிருந்து, யூத சமயத்தைத் தழுவி, பின்னர் விடுதலை பெற்றவர்களின் வழிவந்த 'மெசுஹ்ராரிம்' என்போர் இருந்தனர். யூதர்களுடைய ஆசாரப்படி, முறையாக நீரில் மூழ்கிச் சமயம் ஏற்று விடுதலைப் பத்திரமும் பெற்ற ஒருவன் மற்ற யூதர்களோடு ஒப்பானவன். இதில் சாஸ்திரத்துக்கு மயக்கமே இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே, அதாவது இந்தப் பள்ளி எழும்புவதற்கும் முன்பே, கொச்சியில் ஒரு சாரார் மற்றொரு சாராரை அடிமை வழியினர் என்று ஒதுக்கி மணவினை மறுக்கும் விவகாரம், எகிப்திலே பெரும் புகழோடு விளங்கிய தாவீது இப்னு ஸிம்ரா எனும் ரப்பியின் தீர்ப்புக்குச் சென்றது. சடங்கை முறையாகச் செய்துவிட்டால் அவர்கள் முழு யூதர்களே, அவர்களோடு மணவுறவு கொள்ளலாம் என்று அவர் விடையளித்தார். விடை வந்து சேர்ந்தும் கொச்சி நடைமுறை மாறவில்லை. சாஸ்திரத்தின் ஒவ்வோர் எழுத்தையும் போற்றி, பஸ்கா பண்டிகைக்கு முன்னர் வீட்டில் புளித்த மாவின் துகளும் இராதபடி வாரக்கணக்கில் துப்புரவு செய்த மக்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சாஸ்திரத்தைப் புறந்தள்ளித் தங்களைச் சூழ்ந்த நாட்டின் ஜாதி வழக்கைப் பின்பற்றினார்கள். கடவுள் உண்டா என்று அங்கே எவரும் ஐயுற்றதாகத் தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவன் யூதனா என்ற ஐயத்தைத்தான் நானூறு ஆண்டு கைவிடாமல் வளர்த்தார்கள்.

மெசுஹ்ராரிம் வகுப்பினர் பெஞ்சில் அமரலாகாது. வேதமாகிய தோராவை வாசிக்க மேடைக்கு அழைக்கப்படமாட்டார்கள். பரதேசிகளோடு மண உறவும் இல்லை, அவர்களுடைய இடுகாட்டில் இடமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுள் ஒரு பகுதியார் பிரிந்து, பிரிட்டிஷார் ஆட்சியிலிருந்த கொச்சிக் கோட்டைப் பகுதியில் தனியே தொழுது பார்த்தனர். அது நிலைக்காமற் போகவே, வேறு கதியின்றிப் பழைய மண்டபத்துக்கே திரும்பினர்.

அந்த வகுப்பில் 1882-இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். சென்னையில் சட்டம் பயின்று, எர்ணாகுளத்தில் வழக்கறிஞராகி, கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்து, 1929-இல் லாகூர் காங்கிரஸுக்கும் சென்று வந்த இம்மனிதர், நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்று வாதாடிவிட்டு, ஓய்வுநாளில் தம் பள்ளிக்குள் புகும்போது மட்டும் தரையைத் தேட வேண்டியிருந்தது. இத்தகைய அவமானத்துக்கு ஆளானவர் சமயத்தையே உதறிவிட்டிருந்தால் யாரும் குறை கூறியிரார். சிலகாலம் பள்ளிக்குப் போகாமல் அவர் புறக்கணித்ததும் உண்டு. ஆனால் தோராவின்மீது அவர் கொண்ட பற்று தளரவில்லை. அதன் பெயராலேயே, தம் சபையோரை எதிர்த்துச் சத்தியாக்கிரகத்தைக் கைக்கொண்டார். கொச்சிக்குத் தெற்கே வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கும் உரிமைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து பெரியாரும் சென்று சிறைப்பட்ட அந்தக் காலம், இப்பள்ளியின் உள்ளேயும் காற்றை மாற்றத் தொடங்கிற்று. முப்பதுகளிலே பல தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தரையில் இருந்தவர்களுக்குப் பெஞ்சும், பிறகு வாசிப்பு மேடையும் கிடைத்தன. மணவினையில் மட்டும் பிடிவாதம் நீடித்தது. 1950-இல் சேலத்தின் புதல்வர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, அத்திருமணம் மட்டாஞ்சேரியில் அல்ல, பம்பாயில்தான் நடைபெற்றது.

ஐம்பதுகளின் நடுவில் மலபார் யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுக்காக அந்நாட்டுக்குச் சென்று மன்றாடிவந்தவரும் சேலமே. தாம் மட்டும் கொச்சியிலேயே இருந்து 1967-இல் காலமானார். அதற்கடுத்த ஆண்டு பள்ளியின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வருகை தந்தார், தபால்தலையும் வெளியிடப்பட்டது. பின்னர்ப் பரதேசிகளும் ஒவ்வொரு குடும்பமாக நீங்கவே, பொதுத் தொழுகைக்கு இன்றியமையாத பத்து ஆடவரைச் சேர்ப்பது நாளடைவில் அரிதாயிற்று. சுற்றுலாவாக வந்த யூதர்களை உள்ளே அழைத்து, பெஞ்சில் அமர்த்தி, எண்ணிக்கையை நிறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.