முட்புதருக்குப் போகும் முன்: கண்டெடுப்புச் சாட்சியமும் காணொளிப் பதிவும்

கொலை வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடமாகியிருக்கும். தன்னை அழைத்துச் சென்றால், அரிவாளை மறைத்து வைத்திருக்கும் இடத்தைக் காட்டி, அதை எடுத்து ஆஜர் செய்வதாக எதிரி சொல்கிறார். ஊரும் பெயரும் மாறும். சில கட்டுகளில் அரிவாள் கத்தியாகவும் இரும்புக் குழாயாகவும் மாறும். வாசகம் மட்டும் மாறுவதில்லை. அதையொட்டி ஒரு கைப்பற்றுதல் மகஜர். அதன் அடியில் கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும் சாட்சிகளாகக் கையொப்பமிட்டிருப்பார்கள். பொருள் கிடைத்த இடம் கண்மாய்க் கரையாகவோ பாலத்தடியாகவோ சீமைக்கருவேல முட்புதராகவோ இருக்கும். நேரில் கண்ட சாட்சிகள் பிறழ்ந்துவிட்ட வழக்கில் இந்த இரண்டு தாள்களே அரசுத் தரப்பைத் தாங்கி நிற்கும்.

கண்டெடுப்புச் சாட்சியத்தின் மதிப்பு, பொருள் கையில் கிடைத்த கணத்தில் இல்லை. அதற்கு முந்தைய சில மணி நேரத்தில், காவல் நிலையத்துக்குள் என்ன நடந்தது என்பதில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் கைப்பற்றுதலைக் காணொளியில் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அந்தக் கட்டாயம் முந்தைய மணி நேரங்களைத் தொடவில்லை. நல்ல நோக்கத்தோடு வந்த இந்த ஏற்பாடு, பலவீனமான கண்டெடுப்புகளுக்கும் பலமானவற்றின் தோற்றத்தைத் தந்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தச் சட்டத்தின் வேரில் சென்னை மாகாணத்துக்குப் பங்குண்டு. வருவாய்த் துறையினரும் காவலரும் மக்களைச் சித்திரவதை செய்வதாக எழுந்த புகார்களை விசாரித்த ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. கிட்டி, அண்ணாந்தாள் முதலிய கொடுமைகள் அதில் பெயர் சொல்லிப் பதிவாகியுள்ளன. 1859இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் வந்து, காவல்துறையை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. அந்த விதியை ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதுவே 25ஆம் பிரிவு. காவலில் இருப்பவர் நடுவரின் நேர்முன்னிலையில் அன்றி வேறெவரிடம் தரும் ஒப்புதலும் செல்லாது என்றது 26ஆம் பிரிவு. இவ்விரண்டுக்கும் விலக்காக நின்றது 27ஆம் பிரிவு: காவலில் உள்ளவர் தந்த தகவலால் ஓர் உண்மை கண்டறியப்பட்டால், அந்த உண்மையோடு தெளிவாகத் தொடர்புடைய அளவுக்கு அத்தகவலை மெய்ப்பிக்கலாம். அடித்துப் பெற்ற சொல் பொய்யாக இருக்கலாம். ஆனால் சொன்ன இடத்தில் பொருள் கிடைத்துவிட்டால் அந்த அளவுக்காவது சொல் மெய்தானே என்பது இதன் அடிப்படை. பாரதிய சாக்‌ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் இது 23ஆம் பிரிவின் காப்புரையாகத் தொடர்கிறது.

அந்த அளவு எவ்வளவு என்பதில்தான் சண்டை. 1937இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை அகலமாக எடுத்துக்கொண்டது: கண்டெடுத்த பொருளைக் குற்றத்தோடு இணைக்கும் சொற்களையும் ஏற்கலாம். அதே மாகாணத்துக் குண்டூரிலிருந்து போன புலுகுரி கோட்டையா வழக்கில், 1946 டிசம்பரில் பிரிவி கவுன்சில் அந்த வாசலைச் சுருக்கியது. கத்தி என்ற பொருள் உலகில் இருப்பதை எவரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை; அது இன்ன இடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது, அது எதிரிக்குத் தெரிந்திருந்தது என்பவையே கண்டறியப்பட்ட உண்மை. அந்தக் கத்தியால் குத்தினேன் என்ற பகுதி உள்ளே வராது. ஏதோ ஒரு பொருளைப் பற்றிய தகவலைச் சேர்த்துக்கொண்டால் தடை முழுவதும் நீங்கிவிடும் என்றால், அதைச் சேர்க்க வைக்கும் சாமர்த்தியம் காவல்துறைக்கு இல்லாமலா போகும் என்ற பொருள்பட சர் ஜான் பியூமான்ட் எழுதியதில் கிண்டல் தெரிகிறது. எண்பது ஆண்டுகளாக மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது. ஆனாலும் முழு வாக்குமூலத்தையும் சான்றாவணமாகக் குறியிட்டு நீதிபதியின் கண்ணில் படவிடும் வழக்கம் ஒழியவில்லை.

ஆக, கண்டெடுப்பு நிரூபிப்பது ஓர் அறிவை மட்டுமே: பொருள் இருந்த இடம் எதிரிக்குத் தெரியும். அது எப்படித் தெரிந்தது? 1999ஆம் ஆண்டில் மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் மூன்று வழிகளைச் சொன்னது. அவரே மறைத்திருக்கலாம், வேறொருவர் மறைத்ததைப் பார்த்திருக்கலாம், யாரேனும் சொல்லிக் கேட்டிருக்கலாம். பின் இரண்டில் ஒன்று என்று எதிரி விளக்காதவரை, அவரே மறைத்தார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். தர்க்கம் கச்சிதமானது. ஆனால் நான்காவது வழி ஒன்று இந்தப் பட்டியலில் இல்லை: இடம் எதிரிக்குத் தெரிவதற்கு முன்பே காவல்துறைக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் முட்புதரை நோக்கி நடந்த நடையில் எவருடைய அறிவும் வெளிப்படவில்லை. எதிரி வாய் திறந்து விளக்கினாலும் இதை மெய்ப்பிக்க அவரிடம் என்ன இருக்கிறது? மற்ற மூன்று வழிகளும் அவர் மனத்துக்குள் இருப்பவை. நான்காவது காவல் நிலையத்தின் சுவருக்குள் இருப்பது. அதன் பதிவேடு முழுவதும் அரசுத் தரப்பின் கையில்.

எல்லா அதிகாரிகளும் பொருளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எடுக்கிறார்கள் என்பதல்ல நான் சொல்வது. புலனாய்வின் இயல்பான போக்கே இந்தச் சிக்கலை உண்டாக்குகிறது. தகவல் வந்ததும் முதல் தகவல் அறிக்கை பதிவாகி நடுவருக்கு விரைவாகப் போக வேண்டும். அது அவர் கைக்குச் சேர்ந்த நேரத்தை வைத்தே பாதிக் குறுக்கு விசாரணை நடக்கும். ஆய்வாளர் சம்பவ இடத்தில் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிக்கிறார். ரத்தம் தோய்ந்த மண்ணையும், ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் தோயாத மண்ணையும் தனித்தனியே எடுக்கிறார். பிரேத விசாரணை முடித்து உடலைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். பிறகு ஆள் தேடல். செல்போன் கோபுரப் பதிவும் தகவல் தருபவர்களும் கூட்டாளிகளும் ஆளுக்கொரு துண்டைத் தருவார்கள். சந்தேகத்துக்குரியவரைக் கூப்பிட்டுப் பேசுவதும், ஏட்டில் அவரைக் கைது செய்வதும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டியதில்லை. ஏட்டில் பேருந்து நிறுத்தமருகே காலை 6 மணிக்குக் கைதானவர் முந்தைய நாளே நிலையத்தில் இருந்தார் என்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தவறாமல் கேட்கும் கேள்வி. தவறாமல் மறுக்கப்படும் கேள்வியும் அதுவே. அந்த இடைவெளியில் அரிவாளின் இடம் தெரிய வந்திருந்தால், பிறகு மகஜர் சாட்சிகளை வைத்து எழுதப்படுவது ஏற்கெனவே நடந்ததன் நகல்.

சாட்சிகள் எதற்கு என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் அந்த வேலை பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர் தலையில் விழுகிறது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேர கர்ணம், முன்சீப் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்த பின் வந்த பதவி இது. பழைய கிராம நடுவர்களுக்குப் புலனாய்வு தொடங்கிய பின் வாக்குமூலம் எழுத விதித் தடை இருந்தது. புதிய அலுவலர் அந்தப் பழைய நடுவர் அல்லர் என்று பின்னர் உச்ச நீதிமன்றம் சொன்னதால் அவரிடம் சரணடைந்து ஒப்புக்கொண்டதாக வரும் வழக்குகளுக்கும் வழி கிடைத்தது. ஊர்க்காரர் எவரும் கையெழுத்துப் போட முன்வராத நிலையில் ஆய்வாளர் வேறு யாரிடம் போவார்? பட்டா, அடங்கல், சான்றிதழ் வேலைகளுக்கிடையே பல ஆண்டு கழித்துச் சம்மன் வந்து, எந்தப் புதர், எந்தத் திசை என்று கூண்டில் நின்று பதில் சொல்லும் அந்த அலுவலரின் நிலையும் பரிதாபமே. ஆனால் அவர் பார்த்தது எது? அழைத்த பிறகு நடந்ததை மட்டும்.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2022 அக்டோபரில் வந்த இரண்டு தீர்ப்புகள் முறையை வகுத்துச் சொல்லின: சாட்சிகளை முதலில் நிலையத்துக்கு வரவழைக்க வேண்டும், அவர்கள் முன்னிலையில் எதிரி சொன்ன சொற்களை அப்படியே எழுத வேண்டும், பிறகே எல்லோரும் இடத்துக்குப் போக வேண்டும். இவற்றை நான் மதிக்கிறேன். எனினும் அவையும் சாட்சிகள் நிலையத்தின் படியேறும் கணத்தில்தான் கடிகாரத்தைத் தொடங்குகின்றன. அரசமைப்புச் சோதனையிலும் இதே விடுபாடு உண்டு. 27ஆம் பிரிவு தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையை மீறவில்லை, வற்புறுத்தல் இல்லாதவரை என்றது 1961இல் கூடிய 11 நீதிபதிகள் அமர்வு. வற்புறுத்தல் இருந்ததா என்பதை எதைக் கொண்டு அறிவது என்று அது சொல்லவில்லை.

கிடைத்த பொருளே தன் உண்மையைச் சொல்லும் என்ற பதிலும் உண்டு. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் சென்னையில் 1849இல் அமைந்தது. இந்த மரபில் நமக்குக் குறையில்லை. 1952இன் ஆளவந்தார் கொலை வழக்கில் மானாமதுரையில் போட் மெயிலின் டிரங்குப் பெட்டிக்குள் தலையற்ற உடலும், இராயபுரம் கடற்கரையில் தலையும் கிடைத்தன. இரண்டும் ஒருவருடையவையே என்று நிறுவியது சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயமருத்துவம். அங்கே எவருடைய ஒப்புதலையும் சாராமல் பொருள்கள் பேசின. முட்புதர் அரிவாளோ அப்படிப் பேசுவது அரிது. வெயிலிலும் மழையிலும் கிடந்து, தாமதமாக நீதிமன்றம் போய், அங்கிருந்து ஆய்வகம் போனால், மனித ரத்தம், வகை அறிய இயலவில்லை என்ற அறிக்கையோடு திரும்பக்கூடும். அப்போது அரிவாளைக் கொலையோடு கட்டிப்போடுவது மறுபடியும் அந்த வாக்குமூலம்தான். பிரிவி கவுன்சில் விலக்கிய பகுதி கொல்லைப்புற வழியாக உள்ளே வருகிறது.

இப்போது காணொளிக்கு வருவோம். புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, ஓர் இடத்தைச் சோதனையிடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும், பட்டியல் தயாரித்துச் சாட்சிகள் கையொப்பமிடுவது உட்பட, ஒலி ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. செல்போனே போதும். 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்ற 176(3)ஆம் பிரிவையும் சேர்த்துப் பார்த்தால் சட்டத்தின் நாட்டம் புரிகிறது: சொல்லிலிருந்து பொருளுக்கு. வரவேற்கிறேன். ஆனால் 105ஆம் பிரிவின் சொற்களில் எதிரியிடம் தகவல் பெறுவது இல்லை. ஜீப்பிலிருந்து இறங்கி, கை நீட்டிக் காட்டி, குனிந்து அரிவாளை எடுப்பது தெளிவாகப் படமாகும். முந்தைய நாள் இரவு படமாகாது. எழுத்து மகஜரை நீதிபதி ஐயத்தோடு படிக்கப் பழகியிருந்தார். கண்ணால் காணும் காட்சியின் மேல் அதே ஐயம் எழுமா? நான்காவது வழியைப் பொறுத்தவரை படம் எதையும் மறுக்கவில்லை. தனக்குச் சொல்லப்பட்ட இடத்தைக் காட்டுபவரும் தானே மறைத்த இடத்தைக் காட்டுபவரும் ஒரே மாதிரித்தான் கை நீட்டுவார்கள்.

அப்படியானால் விசாரணை முழுவதையும் பதிவு செய்யலாமே என்றால், அதற்கு வலுவான மறுப்பு உண்டு. ஏற்கவே முடியாத ஒப்புதல் காட்சி வடிவில் உயிர்பெற்றுவிடும். 2022இல் கர்நாடக வழக்கொன்றில் காவலில் இருந்த எதிரிகளின் வாக்குமூலக் காட்சி தனியார் தொலைக்காட்சிக்குப் போய் ஒளிபரப்பானதை உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. இந்த ஆபத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனாலும் அது பதிவு யார் கையில் இருப்பது என்ற பிரச்சினை; பதிவே கூடாது என்பதற்கான காரணம் ஆகாது. தவிர, புதிய பதிவு எதுவும் தேவைப்படாத வழியொன்று ஏற்கெனவே இருக்கிறது.

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வைத்து, பதிவை 18 மாதம், வசதியில்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் காவலில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளத்தில், கேமரா இருந்தும் பதிவு நாள்தோறும் தானே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நடுவர் தம் அறிக்கையில் எழுதினார். வன்தட்டில் இடமில்லாததால் அல்ல. கேமரா இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவின் காப்புரையை அரசுத் தரப்பு நாடும்போது, கைப்பற்றுதல் காணொளியோடு, எதிரி நிலையத்துக்குள் நுழைந்த நேரம் முதல் சாட்சிகளோடு வெளியேறிய நேரம் வரையிலான நிலையக் கேமராப் பதிவும் நடுவருக்குப் போக வேண்டும். அதில் ஒலி தேவையில்லை. யார் எப்போது உள்ளே வந்தார், யார் அவரோடு இருந்தார், எத்தனை மணி நேரம் என்பவை போதும். அதனால் ஒப்புதலின் சொற்கள் வெளியேறும் அச்சமும் குறையும். கோப்பின் ஹாஷ் மதிப்பைச் சான்றிதழில் குறிக்க அதே சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஏற்கெனவே படிவம் உண்டு. சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம்; உயர் நீதிமன்றத்தின் குற்றவியல் நடைமுறை விதிகளில் ஒரு வரி சேர்த்தாலே நடக்கும். அந்த வரி வராதவரையில் விசாரணை நீதிமன்றத்துக்கு அதே சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவு கையில் இருக்கிறது: தரக்கூடிய சான்றைத் தராமல் வைத்துக்கொண்டவருக்கு எதிராக ஊகிக்கலாம் என்ற பழைய விதி. கண்டெடுப்பை மட்டும் நம்பி நிற்கும் வழக்கில் நிலையப் பதிவு இல்லையென்றால், எதிரியின் மௌனத்தை மறைத்தவரின் மௌனமாக எண்ணும் 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஊகத்தை அரசுத் தரப்புக்குத் தர மறுப்பதற்கு இந்தப் பிரிவே போதும்.