கோட்டைக்குக் கையெழுத்து வேண்டாம், வீட்டுக்கு வேண்டும்

இன்றைய எபிசோட் செஞ்சியைப் பற்றி. ஆனா ராஜா தேசிங்கு கதை இல்லை. செஞ்சி மாதிரி ஒரு ஊர்ல குடும்ப வீட்டை விற்கிறது ஏன் இவ்வளவு கஷ்டம், அந்தக் கஷ்டத்துக்குப் பின்னாடி என்ன வரலாறு இருக்கு, அதுதான் விஷயம்.

முதல்ல கோட்டை யார் யார் கைக்குப் போச்சுன்னு வேகமா பார்த்துடுவோம். 1649-இல் பீஜப்பூர் படை நாயக்கர்களிடமிருந்து பிடித்தது. 1677-இல் சிவாஜி. அப்புறம் உள்ளே ராஜாராம், வெளியே ஜுல்பிகர் கானின் முகலாயப் படை. ஏழு வருஷத்துக்கு மேல் நீண்ட முற்றுகை 1698-இல் முடிந்தது. 1714-இல் தேசிங்கு போரில் இறந்ததும் ஆற்காடு நவாப் வசம். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். 1761-இல் ஆங்கிலேயர். ஆக 112 வருஷத்தில் ஆறு முறை கைமாறியிருக்கு. ஒரு தடவைகூட யாரும் வாரிசு சான்றிதழ் கேட்கலை.

அதே ஊர்ல என் தாத்தா 1962-இல் சொந்தச் சம்பாத்தியத்துல பத்திரம் போட்டு ஒரு வீடு வாங்கினார். ரெண்டு வருஷமா அதை விற்கப் பார்க்கிறோம். முடியலை.

முதல் சிக்கல் பட்டா. வாங்க வர்றவர் கேட்கிற முதல் கேள்வியே "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். எங்க வீடு இருக்கிறது நத்தத்துல. நத்தம்னா ஊருக்குள்ள குடியிருப்புக்குன்னு விட்ட இடம். இங்கே கொஞ்சம் பின்னாடி போகணும். 1801-இல் கர்நாடகப் பகுதி கம்பெனி கைக்கு வந்த பிறகு, தாமஸ் மன்றோ பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற ரயத்துவாரி முறை தென்னாற்காட்டுக்கும் வந்தது. ஒவ்வொரு விவசாயியும் நேரடியா அரசாங்கத்துக்கு வரி கட்டணும். அதுக்காகத்தான் நிலத்தை அளந்து, நம்பர் போட்டு, பட்டா கொடுத்தாங்க. கணக்கு எழுதினது விளைச்சலுக்கு. வீடு விளையாது, நத்தத்துக்குத் தீர்வை கிடையாது. அதனால கிராமக் கணக்குல நத்தம் முழுசும் பெரும்பாலும் ஒரே சர்வே நம்பரா கிடந்தது. உள்ளே எந்த வீடு யாருதுன்னு வருவாய்த்துறை தனியா எழுதி வைக்கலை.

1979-இல் தொடங்கி 80-களில் நடந்த யு.டி.ஆர். திட்டத்துல விவசாய நிலங்களோட பதிவேடுகளைப் புதுப்பிச்சாங்க. நத்தத்தை வீடு வீடா அளந்து பட்டா கொடுக்கிற வேலை அதுக்கு அப்புறம்தான் வந்தது. அளக்க வந்தபோது வீட்டுல யார் பேரைச் சொன்னாங்களோ, அந்தப் பேர் ஏறிடுச்சு. எங்க வீட்டுல பாட்டி தாத்தா பேரைச் சொல்லியிருக்காங்க. தாத்தா 1987-லேயே இறந்துட்டார். ஆக, இறந்தவர் பேர்ல புதுப் பட்டா. இது எங்க வீட்டு அதிசயம் மட்டும் இல்லை, உங்க ஊர்லயும் விசாரிச்சுப் பாருங்க.

இரண்டாவது, வில்லங்கம். பேச்சுத் தமிழ்ல வில்லங்கம்னா வம்பு, சிக்கல். பதிவுத்துறையில அது ஒரு சான்றிதழோட பேர். சொத்து மேல என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்குன்னு காட்டுற பட்டியல். பத்திரப் பதிவுக்கு இந்தியா முழுக்க ஒரு சட்டம் 1864-இல் வந்தது. இப்ப நடைமுறையில இருக்கிறது 1908-ஆம் வருஷத்துச் சட்டம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்து விற்பனையைப் பதிவு செஞ்சே ஆகணும்னு 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் சொல்லுது. இணையத்துல 1975-லேர்ந்து வில்லங்கம் பார்க்கலாம். எங்க பத்திரம் 1962, அதனால அலுவலகத்துல மனு போட்டு பழைய புத்தகத்தைத் தேடச் சொல்லணும். அதுக்கே நாலு நடை.

இதுக்கு நடுவுல 2025 ஜூலையில மராட்டிய ராணுவ நிலவமைப்புகள் என்ற தலைப்புல யுனெஸ்கோ 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்துல, ஒன்று நம்ம செஞ்சி. ஊருக்கே பெருமை. வீடு பார்க்க வர்றவங்களுக்கு மட்டும் ஒரு பயம்: "இடிச்சுக் கட்ட விடுவாங்களா?" 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரைக்கும் புதுசா கட்டக்கூடாது, அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல அனுமதி வாங்கிக் கட்டணும். விற்கிறதுக்குத் தடை எதுவும் இல்லை. எங்க வீடு அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கு. ஆனாலும் மேப்பைக் காட்டி விளக்கினப்புறம்தான் அட்வான்ஸ் பேச்சே வருது.

இதெல்லாம் பேப்பர் வேலை, அலைஞ்சா முடிஞ்சிடும். உண்மையா விற்பனை நின்னது மூன்றாவது சிக்கல்ல. அது கையெழுத்து.

தாத்தா உயில் எழுதலை. அவருக்கு ரெண்டு மகன், ரெண்டு மகள். பாட்டி 2003-இல் இறந்தாங்க, அவங்களும் உயில் எழுதலை. அப்போ நாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பெரியப்பா இப்ப இல்லை. அவர் பங்குக்குப் பெரியம்மா, அக்கா, வெளிநாட்டுல இருக்கிற அண்ணன். ஆக மொத்தம் ஆறு கையெழுத்து. அண்ணன் தூதரகம் மூலமா பவர் பத்திரம் அனுப்பணும். அப்பா தன் கால் பங்கை மட்டும் விற்கலாமேன்னு கேட்கலாம். சட்டம் தடுக்காது. ஆனா பிரிக்காத குடும்ப வீட்டுல ஒரு பங்கை வாங்கின வெளியாள் உள்ளே வந்து கூட்டா குடியிருக்க உரிமை கேட்க முடியாது. பாகப் பிரிவினை வழக்குத்தான் போடணும். போட்டாலும், 1893-ஆம் வருஷத்துப் பாகப் பிரிவினைச் சட்டப்படி, நீதிமன்றம் நிர்ணயிக்கிற விலையைக் கொடுத்து அந்தப் பங்கைக் குடும்பத்தார் திரும்ப வாங்கிக்கலாம். இதுக்கு யார் பணம் போடுவாங்க?

புரோக்கர் ஒரு யோசனை சொன்னார். "தம்பி, அத்தைங்களுக்கு 89-க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு. பங்கே கிடையாது. ஆளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிடுங்க."

இந்த 89 கதையைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்கலாம். அதுல பாதிதான் உண்மை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பெண்களுக்குச் சம சொத்துரிமை வேணும்னு தீர்மானம் போட்டாங்க. அறுபது வருஷம் கழிச்சு, 1989-இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்துல மகளுக்கும் பிறப்பாலேயே பங்குன்னு சொன்னது. 1989 மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு அது இல்லை. அந்தத் தேதி பூர்வீகச் சொத்துக்கு மட்டும். 2005-ஆம் வருஷத்து மத்தியச் சட்டத் திருத்தத்துல அந்த மாதிரி கல்யாணத் தேதிக் கணக்கே கிடையாது. 2020-இல் வினீதா சர்மா வழக்குல உச்ச நீதிமன்றம் பிறப்பிலிருந்தே வர்ற உரிமைன்னு உறுதியா சொல்லிடுச்சு. அப்பா தானே சம்பாதிச்சு, உயில் எழுதாம இறந்திருந்தா, 1956 சட்டப்படியே மகனும் மகளும் சமம்.

அப்போ 1956-லேர்ந்து பங்கு இருந்தும் அத்தைகள் ஏன் கேட்கலை? இங்கேதான் எனக்கு ஆச்சரியமான விஷயம். அதே 1956 சட்டத்துல 23-ஆவது பிரிவுன்னு ஒன்று இருந்தது. குடும்பத்தார் குடியிருக்கிற வீடா இருந்தா, ஆண் வாரிசுகள் பிரிச்சுக்க முடிவு செய்யற வரைக்கும் பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. கல்யாணம் ஆகாத, கணவரைப் பிரிந்த, கைவிடப்பட்ட அல்லது விதவையான மகள்னா அங்கே குடியிருக்கலாம். புகுந்த வீட்டுல வாழ்ற மகளுக்கு அதுவும் இல்லை. பங்கை ஒரு கையால கொடுத்து, சாவியை அண்ணன் தம்பி கையில கொடுத்த மாதிரி. நீக்கச் சொல்லி 2000-இல் சட்ட ஆணையத்தின் 174-ஆவது அறிக்கை பரிந்துரைச்சது. 2005 செப்டம்பர் 9-இல்தான் அந்தப் பிரிவு போச்சு. தாத்தா இறந்ததிலிருந்து கணக்கு போட்டா, பதினெட்டு வருஷம் என் அத்தைகளுக்குப் பங்கு இருந்தது, பாகம் கேட்கிற உரிமை இல்லை.

பெரிய அத்தை எதுவும் சொல்லாம எங்க போட்டாலும் கையெழுத்து போடறேன்னாங்க. சின்ன அத்தை அப்பாகிட்ட போன்ல சொன்னது இது: "அண்ணே, விட்டுக் கொடுக்கறேன்னு எழுதாதே. விக்கிறேன்னு எழுது. காசை அப்புறம் நான் யாருக்கு வேணா குடுத்துக்கறேன்."

அப்பாவுக்கு வருத்தம். தங்கை பணம் கேட்கிறான்னு ஒரு வாரம் பேசலை. வாங்க வந்தவருக்கும் பொறுமை இல்லை. ஒரே ஆள் பேர்ல மாத்திட்டு வாங்கன்னார், அப்புறம் வேற வீடு பார்த்துட்டார். ஆனா அத்தை சொன்னதை யோசிச்சுப் பாருங்க. விடுதலைப் பத்திரத்துல அவங்க விலகிக்கிறவங்க. கிரயப் பத்திரத்துல அவங்க விற்கிறவங்க. நாளைக்கு எவனாவது வில்லங்கம் போட்டுப் பார்த்தா, இந்த வீட்டுக்குச் சொந்தக்காரியா இருந்து விற்றவங்கன்னு அவங்க பேர் வரும். பிறந்த வீட்டுல அவங்க பேர் ஏறப்போற ஒரே இடம் அதுதான்.

சொத்து விற்பனை ஸ்லோவா இருக்குன்னு நாம எல்லாரும் திட்டறோம். பட்டா தாமதம், மேனுவல் வில்லங்கம், நாலு நடை, இதெல்லாம் சரி செய்ய வேண்டிய குறைகள்தான், சந்தேகமே இல்லை. ஆனா அந்த ஆறு கையெழுத்து அந்தப் பட்டியல்ல சேராது. முன்னெல்லாம் விற்பனை சுலபமா நடந்திருந்தா, பல நேரம் அதுக்குக் காரணம், சிலரைக் கேட்கவே வேண்டியதில்லைன்னு இருந்ததுதான்.

இப்போதைய நிலவரம்: அப்பா சமாதானம் ஆயிட்டார். ஆறு பேரும் விற்பவர்களா கையெழுத்து போடறதுன்னு முடிவு. கால் கால் பங்கு, அவரவர் கணக்குல. பவர் பத்திரம் வந்துகிட்டிருக்கு. வாங்கறதுக்குத்தான் ஆள் வரணும்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு வீடு பூட்டிக் கிடந்தா, புரோக்கரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை செய்யுங்க. தாய்ப் பத்திரத்தை எடுத்து, சொத்து பூர்வீகமா, சுய சம்பாத்தியமான்னு பாருங்க. அப்புறம் அத்தைக்கு ஒரு போன் போடுங்க.