ஆடும் குதிரையின் முதுகு: கொங்கு நாட்டுக் குதிரையாட்டமும் செவ்வியல் பயிற்சியும்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குக் கத்தியவார், மார்வாரிக் குதிரைகள் வருகின்றன. அவற்றில் ஆட்டம் பழகிய குதிரைக்குத் தனி மதிப்பு உண்டு. மேளம் முழங்க, சலங்கை கட்டிய கால்களை அது நின்ற இடத்திலேயே மாற்றி மாற்றித் தூக்கும். வியன்னாவின் ஸ்பானியச் சவாரிப் பள்ளியில் லிப்பிஸானர் குதிரைகள் செய்துகாட்டும் ‘பியாஃப்’ பார்வைக்கு இதற்குப் பங்காளி முறை. ஆயினும் ஒன்று குதிரையின் உடலைப் பேணுகிறது, மற்றொன்று பெரும்பாலும் அதைத் தேய்க்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். வேறுபாட்டைக் காணக் காலை விட்டுவிட்டு முதுகைப் பார்க்க வேண்டும்.

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கு நடுவே அதன் மார்புக்கூடு தசைகளால் மட்டுமே தாங்கப்பட்டுத் தொங்குகிறது. நிற்கும்போதே உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில் இறங்குகிறது. சவாரிக்காரர் ஏறியதும் அந்தச் சுமை இன்னும் கூடும். இயற்கையில் முதுகு மனிதனைச் சுமப்பதற்காக அமைந்ததன்று. எனவே ஏறுவது என்று முடிவெடுத்தவர், சுமையைப் பின்னங்கால்களுக்கு மாற்றும் தசை வலுவையும் குதிரைக்கு உண்டாக்கித் தரக் கடமைப்பட்டவர். செவ்வியல் குதிரைப் பயிற்சியான டிரெஸ்ஸாஜின் நியாயம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பிரெஞ்சு ஆசான் லா கெரினியேர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த ‘தோளை உள்ளே கொணர்தல்’ என்ற பயிற்சியை எடுத்துக்கொள்வோம். சுவரோரமாக நடக்கும் குதிரையின் முன்பாகம் சற்றே உட்புறம் திருப்பப்படுகிறது. உடனே உட்புறப் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் ஆழமாக ஊன்றி எடையை வாங்கிக்கொள்கிறது, இடுப்பு மூட்டுகள் மடங்குகின்றன, முதுகு மேலெழுகிறது. பார்ப்பவருக்கு இதில் பெரிய வேடிக்கை எதுவும் இல்லை. இப்படிப் பல ஆண்டுகள் படிப்படியாகச் சேர்ந்த வலுவின் விளைவாகத்தான் பியாஃப் வருகிறது. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடவே ஐந்து வயதுக்கு மேலாகும் என்பதால், இந்தப் பொறுமையை வெறும் மரபுப் பற்றாக எண்ணிவிட முடியாது.

சந்தை ஆட்டத்தில் காரியம் தலைகீழாக நடக்கிறது. வாரை இழுத்துப் பிடித்ததும் தலை மேலே போகிறது, முதுகு குழிகிறது, பின்னங்கால்கள் பின்தங்குகின்றன. குச்சி பட்ட முன்னங்கால் மட்டும் உயரே வீசப்படுகிறது. குழிந்த முதுகில் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று நெருங்கி உரசும். கடிவாளம் உட்காரும் இடமோ, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே எலும்பின்மேல் மெல்லிய ஈறு மட்டுமே போர்த்திய பகுதி. முள் வைத்த கடிவாளத்தைச் சுமை, இழுவை விலங்குகளுக்குப் பயன்படுத்துவதை 1965ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு விதிகள் தடுத்திருக்கின்றன. வாயைப் பிளந்து வாலைச் சுழற்றும் குதிரையைக் கூட்டம் ‘துடிப்பானது’ என்று மெச்சுகிறது. அது வலியின் துடிப்பு.

இதை வைத்து மேற்கைக் கோயிலாக்கவும் வேண்டாம். கழுத்தைப் பலவந்தமாக மார்போடு மடக்கும் பழக்கத்தை ஏற்க முடியாது என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அறிவித்தது 2010இல்தான். ஒலிம்பிக் தங்கம் வென்ற ஷார்லட் டுஜார்டின், குதிரையின் காலில் சாட்டை வீசிய காணொளி வெளிவந்ததால் 2024 பாரிஸ் போட்டியிலிருந்து விலகினார். பலவந்தத்தில் அழகு பிறக்காது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்ட கிரேக்க எழுத்தாளர் செனபோனின் வழிவந்தவர்களும் பதக்கத்தின் முன் தடுமாறுகிறார்கள்.

நம்மிடம் குதிரை பற்றிய அறிவுக் குறை பழையது. இறக்குமதிக் குதிரைகள் பாண்டிய நாட்டில் பராமரிப்புத் தெரியாமல் மடிந்ததாக மார்கோ போலோ எழுதினார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் அனுஷ் அகர்வாலா, ஹ்ருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகியோர் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வென்றபோதும், பயிற்சிக் களம் ஐரோப்பாவாகவே இருந்தது. உள்ளூர் அறிவை உள்ளூர்க் குதிரையிடமிருந்துதான் தொடங்க வேண்டும். உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரை வண்டிகள் ஓடும் பழனி பக்கத்தில். அந்தியூரும் எட்டாத தொலைவன்று. மாடும் கோழியும் நிறைந்த பாடத்திட்டத்தில், ஆடும் குதிரைகளின் முதுகையும் ஈறையும் ஆண்டுதோறும் சோதித்துப் பதிவு செய்யும் ஒரு களப்பணிக்கு இடம் ஒதுக்கலாம்.

அதுவரை, வாங்குபவர் கையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் வாரை மெல்லத் தளர்த்தச் சொல்ல வேண்டும். முறையாகப் பழகிய குதிரை வாயை மென்றபடி கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டும். தலையை இன்னும் மேலே தூக்கிக்கொண்டு நிற்குமானால், அதன் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.