குன்றும் கொடியும்

கொடி என்றவுடன் தமிழ் பயின்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுவது பறம்புமலைப் பாரியின் முல்லைக்கொடிதான். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த கொடிக்குத் தன் தேரையே ஈந்து சென்ற வள்ளலின் கதையை நாம் வகுப்புதோறும் சொல்லி வருகிறோம். ஆயினும், மலாயா மண்ணுக்கு வந்து சேர்ந்த தமிழர் கொடியோடு கொண்ட உறவு வேறு வகையானது. அவர்கள் கொடியின் பிடியிலிருந்து மரத்தை மீட்க வேண்டியவர்களாய் இருந்தார்கள். ரப்பர்த் தோட்டங்களின் செங்குத்தான சரிவுகளில் அரிவாளும் மண்வெட்டியும் ஏந்தி அவர்கள் நடத்திய அந்நெடும்போருக்கு ஒரு வரலாறு உண்டு. பால்மரம் சீவியவர்களின் வாழ்வு கதையாகவும் கவிதையாகவும் எழுதப்பட்டிருக்கிறது. புல்லும் கொடியும் வெட்டியவர்களின் வாழ்வு அவ்வளவாக எழுதப்படவில்லை. அதனைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெறுமையாக்கப்பட்ட மலைகள்

1876-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்ட ரப்பர் விதைகளின் வழித்தோன்றல்கள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை ஏறவே, மலாயாவின் காடுகள் விரைந்து அழிக்கப்பட்டன. சமவெளி மட்டுமன்றிக் குன்றுகளும் மலைச்சரிவுகளும் பால்மரக் காடுகளாயின.

அக்காலத் தோட்ட நிருவாகத்தினர் ஒரு கொள்கையை உறுதியாகப் பற்றி நின்றனர். மரத்தைத் தவிர வேறெதுவும் தோட்டத்தில் முளைக்கலாகாது என்பதே அது. ஒரு புல்லும் தலைகாட்டாத தரையே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று கருதப்பட்டது. காடழித்த இடத்தில் லாலான் புல் புகுந்துவிட்டால் அதனை ஒழிப்பது அரிது என்ற அச்சமும் இக்கொள்கைக்குத் துணை நின்றது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, கங்காணியின் பின்னால் வரிசையாகச் சென்று, நாள் முழுதும் குனிந்து களையெடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்களும் முதியவர்களும் சிறுவர்களுமே ஆவர். 1920-களின் பிற்பகுதியில் நிலையான கூலி விதிக்கப்பட்டபோது, போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்றே வகுக்கப்பட்டது.

அவ்வளவு உழைப்பும் என்ன பயன் தந்தது? மலையின் போர்வை உரிக்கப்பட்டது. வெறுந்தரையின்மீது வெப்பமண்டலப் பெருமழை நேராக வந்து விழுந்தது. பல நூறு ஆண்டுகளாக இலை மக்கி உருவான மேல்மண், சில ஆண்டுகளில் கரைந்து ஓடியது. மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. ஆற்றுப் படுகைகள் மேடிட்டன. களையை ஒழித்த கொள்கை, மண்ணையும் சேர்த்தே ஒழித்துக்கொண்டிருந்தது.

காவலாக வந்த கொடிகள்

இவ்விழப்பை உணர்ந்தபின், சரிவுகளின் குறுக்கே படிப்படியாகத் திட்டுகள் வெட்டப்பட்டன. வழிந்தோடும் மண்ணைத் தடுத்து நிறுத்தக் குழிகள் தோண்டப்பட்டன. 1925-இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக்கழகம் இத்துறையிலும் ஆய்வு நடத்தியது. மிகச் சிறந்த தீர்வாகக் கருதப்பட்டது மூடுபயிர் ஆகும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த படர்கொடிகளைத் தரையெங்கும் வளர்த்தால் மழையின் வேகம் தணியும், மண் நிலைக்கும், வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும், லாலானும் நிழலில் நலிந்து மடியும். இவ்வாறு செண்ட்ரோசீமா, கலப்பகோனியம், பியூராரியா என்னும் கொடிகள் தோட்டங்களில் இடம்பெற்றன. முன்னிரண்டும் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. மூன்றாவதோ தென்கிழக்காசியாவுக்கே உரியது.

கொடியின் இயல்பு ஏறுவது அன்றோ? தரையை மூடுவதோடு அது நிற்குமா? இளங்கன்றைக் கண்டதும் சுற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியது. ஆகவே ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வட்டமாக வெட்டி, ஏறிய கொடியை இறக்கிவிடும் புதிய வேலை பிறந்தது. காவலாளைக் காவல் காக்கும் பணியும் அதே கைகளில் வந்து விழுந்தது.

அமெரிக்கா கற்ற பாடம்

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் நிகழ்ந்ததையும் ஒப்புநோக்குதல் நலம். ரப்பர் விதைகள் பிரேசிலை விட்டு நீங்கிய அதே 1876-இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் சப்பானியர் ஓர் அழகிய கொடியைக் காட்சிக்கு வைத்தனர். குட்சு என்னும் அக்கொடி நம் தோட்டத்துப் பியூராரியாவின் உடன்பிறப்பு. பருத்தி பயிரிட்டுப் பயிரிட்டு மண்ணிழந்து, பெரும்பள்ளங்களாய்ப் பிளந்து கிடந்த தென்மாநிலங்களை மீட்க 1935-இல் தோன்றிய மண்வளக் காப்புத்துறை இக்கொடியையே நம்பியது. 7 கோடிக்கும் மேற்பட்ட நாற்றுகள் வளர்க்கப்பட்டன. நட்ட உழவர்க்கு ஏக்கருக்கு 8 டாலர் வரை வழங்கப்பட்டது.

கொடி மண்ணைப் பிடித்தது உண்மை. ஆனால், மரங்களையும் வேலிகளையும் கைவிடப்பட்ட வீடுகளையும் சேர்த்தே பிடித்தது. நல்ல பருவத்தில் ஒரே நாளில் ஓரடி வளரக்கூடியது அது. 1953-இல் அரசு அதனைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1970-இல் களை என்றே அறிவித்தது. சப்பானில் வேளாண்மையோடு இணங்கி வாழ்ந்த கொடி, அடக்குவார் இல்லாத அயல்மண்ணில் அரசாளத் தொடங்கிவிட்டது.

திருதராட்டிரன் தழுவல்

மலாயாவின் மலைத்தோட்டங்களை மிகவும் அலைக்கழித்த கொடி மைக்கேனியா என்பது. அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட இதுவும் ஆசியத் தோட்டங்களில் மூடுபயிராக ஆளப்பட்டதுண்டு. அவரைக் குடும்பத்தைச் சேராததால் மண்ணுக்கு உரம் சேர்க்கும் ஆற்றல் இதற்கில்லை. மலாய் மொழியில் இதற்குச் ‘செலாபுட் துங்குல்’ என்று பெயர். வெட்டி நிற்கும் அடிமரத்தை மூடும் போர்வை என்பது பொருள். நிமிடத்திற்கு ஒரு மைல் ஓடும் கொடி என்று ஆங்கிலேயர் இதனை மிகைபடச் சொன்னார்கள். கேரளத்து மக்களோ ‘திருதராட்டிரப் பச்சை’ என்று பெயரிட்டார்கள். அன்புடன் அணைப்பவன்போல் அணைத்து, இரும்பாலான வீமன் உருவை நொறுக்கிய குருட்டு மன்னனின் தழுவலை அப்பெயர் நினைவூட்டுகிறது. இதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது.

இக்கொடியின் வலிமை மூவகைப்பட்டது. ஒன்று, பஞ்சுத்தூவி பொருந்திய அதன் நுண்விதைகள் காற்றில் நெடுந்தொலைவு செல்லும். இரண்டு, தரையைத் தொடும் கணுதோறும் வேர்விடும். மூன்று, வெட்டி எறியப்பட்ட சிறு துண்டும் ஈரமண்ணில் மீண்டும் முளைக்கும். வெட்டுகிறவன் கவனமின்றி வெட்டினால், அவனே அதனை நட்டவனாகிறான். ரப்பர் ஆய்வுக்கழகம் நடத்தி 1960-களில் வெளியிட்ட ஆய்வுகளில், அவரைக் கொடிகளின் நடுவே வளர்ந்த ரப்பர் மரங்களைவிட மைக்கேனியாவின் நடுவே வளர்ந்த மரங்கள் மெலிந்திருந்தமை தெரியவந்தது. பிற பயிரின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் அக்கொடியில் இருப்பதும் கண்டறியப்பட்டது.

நஞ்சும் அதன் விலையும்

கையால் வெட்டி மாளாது என்று கண்ட நிருவாகங்கள் நஞ்சை நாடின. முதலில் ஆளப்பட்டது சோடியம் ஆர்சினைட் என்னும் கொடிய பாடாண நஞ்சு. 1960-களில் அதன் இடத்தைப் பாராகுவாட் பற்றிக்கொண்டது. தெளித்த சில நாளிலேயே பசுமை முழுதும் கருகியது கண்டு தோட்டங்கள் மகிழ்ந்தன. ஆயினும், அம்மருந்து தான் பட்ட பச்சையைத்தான் கருக்கியதேயன்றி வேரைத் தீண்டவில்லை. எஞ்சிய கணுக்களிலிருந்து கொடி மறுபடியும் எழுந்தது. மருந்தும் மறுபடியும் தெளிக்கப்பட்டது.

சமநிலத்தில் மருந்து தெளிப்பதே இடர் நிறைந்தது. மலைச்சரிவில் அதன் நிலையை எண்ணிப் பாருங்கள். தண்ணீரைக் கீழிருந்து சுமக்க வேண்டும். நிறைந்த தெளிப்பானை முதுகில் ஏற்றி, ஒரு கையால் விசையை இயக்கி, மறுகையால் குழலைப் பிடித்து, வழுக்கும் மண்ணில் கால் பதிக்க வேண்டும். தலைக்குமேல் தொங்கும் கொடிக்குத் தெளித்தால் துளிகள் தெளிப்பவர் முகத்திலேயே விழும். வழுக்கி விழுந்தாலோ நஞ்சு உடலில் கொட்டும். மழை பெய்தால் எஞ்சியது ஓடைக்குச் செல்லும்.

இவ்வேலையைச் செய்தவர்களிலும் பெண்களே மிகுதி. தோட்டங்களில் மருந்து தெளிக்கும் பெண்கள் தோல்நோயாலும் கண்ணெரிச்சலாலும் மூச்சுத்தொல்லையாலும் பட்ட துன்பத்தைத் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வு வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நீக்க அரசு முடிவு செய்தது. 2006-இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. இறுதியாக 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. ஒரு களையை ஒழிக்க வந்த மருந்தை ஒழிக்கவே இத்தனை ஆண்டுகள் ஆயின!

கொடியின் தாயகத்திலிருந்து அதன் பகையை அழைத்துவரும் முயற்சியும் நடந்தது. மைக்கேனியாவை உண்ணும் ஒரு சிறு பூச்சியினம் 1990-இல் மலேசியாவில் விடப்பட்டது, அது நிலைபெறவில்லை. பின்னர், அக்கொடியை மட்டுமே தாக்கும் துருநோய்ப் பூசணம் பாப்புவா நியூகினியிலும் பீசியிலும் விடப்பட்டு, அங்கு வேரூன்றியது. கேரளத்தில் அது நீடிக்கவில்லை. ஓரிடத்தில் பலித்தது எல்லா இடத்திலும் பலிக்கும் என்பதற்கில்லை.

சரிவு கற்பித்த முறை

நூற்றாண்டு காலப் பட்டறிவு நமக்குக் கூறுவது யாது? சரிவில் கொடியைப் பிடுங்கி இழுக்கலாகாது. இழுத்தால் கொப்பும் முறியும், மண்ணும் சரியும். மரத்தில் ஏறியதை இடுப்பளவிலும் அடியிலும் இருமுறை வெட்டி, மேற்பகுதியை அங்கேயே தொங்கி உலர விட வேண்டும். வேர்த்தூரை மட்டும் தோண்டி எடுக்க வேண்டும். வெட்டிய துண்டுகளை ஈரமண்ணில் போடாது, தரை தொடாத இடத்தில் காயவைக்க வேண்டும். பூப்பதற்கு முன்பே இவ்வேலை முடிய வேண்டும். தப்பிய கணுக்கள் துளிர்க்குமாதலால் சில வாரங்களில் மீண்டும் வர வேண்டும். மீண்டும் மீண்டும் வர வேண்டும்.

அனைத்தினும் இன்றியமையாதது, கொடி நீங்கிய இடத்தை வெறுமையாக விடாமை. மைக்கேனியா வெயிலை நாடும் கொடி. மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கூடி நிழல் கவிந்தால் தானே தளரும். ஆகவே வெட்டுவது பாதி வேலை. நிழல் தரும் மரமும் மண் காக்கும் நற்பயிரும் வளர்ப்பது மறுபாதி. அமெரிக்காவின் சட்டனூகா நகரத்தார் இயந்திரமும் ஆளும் ஏற அஞ்சும் மலைமுகட்டில் குட்சுவை மேய, 2006-ஆம் ஆண்டு தொட்டு ஆடுகளை ஏவினர். ஆடும் ஒருமுறை மேய்ந்தால் போதாது. தளிர் விடுந்தோறும் மேய வேண்டும். கருவி எதுவாயினும் விதி ஒன்றே. கொடியை வெல்வது ஒருநாள் வீரம் அன்று. திரும்பித் திரும்பி வரும் பொறுமையே ஆகும்.

அப்பொறுமையின் உருவாய் விளங்கியவர்கள் நம் தோட்டப்புறத்துப் பெண்கள். சப்பானியர் ஆட்சியின்போது, 1942 முதல் 1945 வரை, தோட்ட மக்களில் பலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கவனிப்பாரற்ற தோட்டங்களில் புதர் மண்டியது. அவர்களுடைய கை விலகிய இடத்தில் காடு திரும்பியது என்பதே அக்கையின் அருமைக்குச் சான்று. ஆயினும் ஆய்வேடுகளில் கொடியின் பெயர் உண்டு. மருந்தின் பெயர் உண்டு. கொடி வெட்டியவளின் பெயர் இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். எந்தக் கொடியை எந்தப் பருவத்தில் வெட்டினால் மீளாது, எந்தச் சரிவில் எப்படிக் கால் ஊன்ற வேண்டும் என்னும் நுட்பங்கள் எழுதப்படாமல் மறைந்துகொண்டிருக்கின்றன. தமிழாசிரியர்கள் மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி தரும்போது, தோட்டத்தில் களை வெட்டிய பாட்டியரிடம் சென்று கேட்டு எழுதிவரச் சொல்லலாம். கொடிகளுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களையும், கருவிகளுக்கு இட்ட பெயர்களையும், வேலை செய்த குன்றுகளின் பெயர்களையும் அப்படியே எழுதி வைக்கலாம். சொல்வோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்போர்தாம் விரைய வேண்டும்.