மொட்டை மாடியில கடுக்காய்

இன்னைக்கு எபிசோடு உங்க தலைக்கு மேல இருக்கிற ஒரு விஷயத்தைப் பத்தி. மொட்டை மாடி. அது ஏன் ஒழுகுது, முன்னாடி ஒழுகாம எப்படி வெச்சிருந்தாங்க, அந்த வித்தை எங்க போச்சு.

1730-களோட தொடக்கத்துல லண்டன் ராயல் சொசைட்டியோட இதழ்ல ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதினவர் ஐசக் பைக், செயின்ட் ஹெலினா தீவோட கவர்னர். பின்னாடி நெப்போலியனைக் கொண்டு போய் வெச்சாங்களே, அதே தீவு. கட்டுரையோட விஷயம், மெட்ராஸ்ல உயர்தரமான சுண்ணாம்புக் காரை எப்படிச் செய்றாங்க அப்படிங்கறது. படிச்சா சமையல் குறிப்பு மாதிரியே இருக்கும். 15 புஷல் மணல், 15 புஷல் சுண்ணாம்பு. அதுக்கு 20 பவுண்டு வெல்லம், அதாவது நம்ம கணக்குல 9 கிலோ, தண்ணியில கரைச்சுத் தெளிக்கணும். பயறை வேகவெச்சு வடிகட்டின கஞ்சி. கடுக்காயைக் கொதிக்கவெச்சு எடுத்த சாறு. எல்லாத்தையும் சேர்த்து இடி, இடி, இடின்னு இடிக்கணும். சுவர்ல கண்ணாடி மாதிரி மின்ற கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர் எல்லாம் போகும். அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க தயிரை 'டயர்'னு எழுதுவாங்க. ரப்பர் டயர் இல்ல, நம்ம தயிர்தான்.

கம்பெனிக்காரங்களுக்கு இதுல ஏன் அவ்வளவு அக்கறை? கடலோரத்துல கோட்டை கட்டறாங்க. உப்புக்காத்து, வெயில், மூணு மாசம் கொட்டித் தீர்க்கிற மழை. அவங்க ஊர்க் காரையை விட நம்ம கொத்தனார் போட்டது நல்லா நின்னுது. அதனால எழுதி வெச்சுக்கிட்டாங்க. 'சுனாம்'னு இங்கிலீஷ் அகராதிக்குள்ள போன வார்த்தையும் நம்ம சுண்ணாம்போட உறவுதான்.

சரி, கூரைக்கு வருவோம். தென்னிந்தியா முழுக்க 'மெட்ராஸ் டெரஸ்'னு இஞ்சினியர்கள் பேர் வெச்ச ஒரு கூரை இருக்கு. மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் எந்தப் பழைய வீட்டுக்குள்ள போனாலும் அண்ணாந்து பாருங்க. தேக்கு உத்திரம், அதுக்குக் குறுக்கால வரிசையா மரச்சட்டம். சட்டத்துக்கு மேல 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குல கனத்துல சின்னச் சின்னச் செங்கல், படுக்கையா இல்லாம ஓரத்துல நிக்கவெச்சு, அதுவும் குறுக்குச்சாய்வா. இந்தக் குறுக்குச்சாய்வுலதான் சூட்சுமம் இருக்கு. ஒரு மூலையில இருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு செங்கலும் முன்னாடி வெச்ச செங்கல்ல காரையால ஒட்டிக்கிட்டே போகும். கீழ பலகை அடிச்சுத் தாங்கிப் பிடிக்கற வேலையே கிடையாது. சென்ட்ரிங் இல்லாத கூரை! நான் சாஃப்ட்வேர்காரன், ஆனா படிச்சது இஞ்சினியரிங்தான்கிற உரிமையில சொல்றேன், இது ரொம்ப அழகான டிசைன்.

செங்கல் அடுக்கு வெறும் பாதிதான். தண்ணியைப் பாத்துக்கறது அதுக்கு மேல வர்ற பாதி. உடைச்ச செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போட கலந்து 3, 4 அங்குலத்துக்குப் பரப்புவாங்க. அதுக்கப்புறம் வரிசையா உக்காந்து மரக்கட்டையால அடிப்பாங்க. ஒரு நாள் இல்ல, பல நாள். பெரும்பாலும் பெண்கள். ஒரே தாளத்துல கட்டை விழும், நடுநடுவுல வெல்லமும் கடுக்காயும் ஊறின தண்ணியைத் தெளிச்சுக்கிட்டே இருப்பாங்க. கட்டை பட்டா பள்ளம் விழாம துள்ளி எழும்புற வரைக்கும் அடி. அது மேல தட்டோடு பதிச்சு, மூலையில இருக்கிற குழாயைப் பாத்து வாட்டம் குடுத்தா வேலை முடிஞ்சது. வரலாறு புத்தகத்துல கட்டடத்தோட பேரு இருக்கும், கட்டினவரோட பேரு இருக்கும். அந்தக் கட்டையடிச்ச சித்தாளுங்க பேரு ஒண்ணு கூட இருக்காது. ஆனா அந்தக் கூரையோட தரத்தை முடிவு பண்ணினது அவங்க கைதான்.

இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? நல்ல சுண்ணாம்புக்குப் பேர் போனது கடல் சிப்பி. பழவேற்காடு பக்கத்துச் சிப்பியும் விறகும் உப்பும் பக்கிங்ஹாம் கால்வாய்ல படகேறி நகரத்துக்குள்ள வந்த காலம் ஒண்ணு உண்டு. இங்க ஒரு சின்ன இடைச்செருகல். அந்தக் கால்வாயோட கூவம்-அடையாறு நடுத்துண்டு, சுமார் 8 கிலோமீட்டர், 1876-78 பெரும் பஞ்சத்துல கூலிக்கு வழியில்லாத ஜனங்களை வெச்சு, பஞ்ச நிவாரண வேலையா வெட்டினது. அப்ப கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் கோமகன் பேரை வெச்சுட்டாங்க. பறக்கும் ரயில்ல மந்தைவெளி ஸ்டேஷன்ல இறங்குறீங்களே, அந்தத் தூண்கள் நிக்கறது அந்தத் துண்டுலதான். கீழ எட்டிப் பாக்கறப்போ மூக்கைப் பொத்திக்கிறோம். வெட்டினவங்க பசியோட வெட்டினாங்கன்னு ஒரு போர்டு கூட அங்க இல்ல.

இப்ப கொஞ்சம் கெமிஸ்ட்ரி, தூங்கிடாதீங்க. சுண்ணாம்புக்கல்லையோ சிப்பியையோ சுட்டா கரியமில வாயு வெளிய போயிடும். தண்ணி ஊத்தி நீத்தினா நீத்துச் சுண்ணாம்பு. பூசினப்புறம் அது காத்துல இருந்து அதே கரியமில வாயுவை மெதுவா இழுத்து மறுபடியும் கல்லா மாறும். அது வருஷக்கணக்குல நடக்கும். நடுவுல சின்ன விரிசல் விட்டா, மழைத்தண்ணி மிச்சமிருக்கிற சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைச்சுக் கொண்டு போய் அந்த விரிசல்லயே படிய வைக்கும். அதாவது மயிரிழை விரிசலைக் கூரை தானே அடைச்சுக்கும். வெல்லத்தோட வேலை, கம்மித் தண்ணியிலயே கலவையைக் குழைவா வெச்சு, அடிக்கறதுக்கு அவகாசம் குடுக்கறது. கடுக்காயோட துவர்ப்பும் அதுக்குத் துணை. செங்கல் ஜல்லியோ சுண்ணாம்போட சேர்ந்து தன் பங்குக்கு இறுகும்.

முக்கியமா ஒண்ணு கவனிங்க. இந்தக் கூரை தண்ணியை முழுசாத் தடுக்கறதில்ல. கொஞ்சம் குடிக்கும், மழை விட்டதும் வெயில்ல மூச்சு விட்டு ஆவியா வெளியேத்தும். மிச்சத்தை வாட்டம் இழுத்துட்டுப் போயிடும். சென்னையில வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழைன்னா, அதுல பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். மிச்ச ஒன்பது மாசத்துல பெரும்பாலும் வெயில். குடிச்சுக் காயற கூரைக்கு ஏத்த ஊர்.

அப்புறம் சிமென்ட் வந்தது. 1824-ல இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லண்ட் சிமென்ட்'டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவுல ஆரம்பகால சிமென்ட் ஆலை முயற்சிகள்ல ஒண்ணு 1904-ல நம்ம மெட்ராஸ்லதான், அதுவும் கடல் சிப்பியை வெச்சு. ஓடல. 1914-ல போர்பந்தர்ல ஓடிச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் ஆர்.சி.சி. தளம்தான் கூரைன்னு ஆயிடுச்சு.

ஆனா இங்கதான் எனக்குப் பிடிச்ச திருப்பம். மெட்ராஸ் டெரஸோட கீழ்ப்பாதி, அந்தத் தேக்கும் சின்னச் செங்கலும், போயிடுச்சு. மேல்பாதி போகல. கான்கிரீட் தளத்துக்கு மேலயும் 3 அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு, மேல ஓடு பதிக்கறதைப் பொதுப்பணித் துறையும் தனியார் கொத்தனார்களும் பல வருஷம் விடல. 'வெதரிங் கோர்ஸ்'னு இன்னைக்கும் எல்லா மேஸ்திரியும் சொல்றது இதைத்தான். 1980-கள்ல மந்தைவெளியில எழுந்த மூணு மாடி ஃபிளாட் பலதுக்கும் தலையில இருக்கிற தொப்பி, பைக் எழுதின அதே பரம்பரை.

அந்த மாதிரி ஒரு ஃபிளாட்ல மேல் மாடிதான் எங்க வீடு. அதனாலதான் இந்த எபிசோடே. சில வருஷத்துக்கு முன்னாடி எங்க அசோசியேஷன் ஒரு கான்ட்ராக்டரைப் பிடிச்சு, மாடி முழுக்க வெள்ளை ரப்பர் கோட்டிங் அடிச்சாங்க. பாக்க ஜம்முன்னு இருந்தது. ரெண்டாவது மழையில கொப்புளம் கொப்புளமா எழும்பி, அதுல ஒண்ணு கிழிஞ்சு, எங்க பாட்டி ரூம் சீலிங்ல ஓதம் இறங்கி, காரை பெயர்ந்து கட்டில் பக்கத்துல விழுந்தது. நல்லவேளை பாட்டி ஹால்ல சீரியல் பாத்துக்கிட்டிருந்தாங்க. கீழ் வீட்டுக்காரங்களுக்கு ஒழுகல, அதனால அவசரமும் இல்ல. மாடி எல்லாருக்கும் பொதுச்சொத்து, ஒழுகல் மட்டும் மேல் வீட்டுக்காரனுக்குத் தனிச்சொத்து. ஃபிளாட்ல மேல் மாடியில இருக்கிற யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வாங்க.

ரப்பர் மேல எனக்குக் கோபம் இல்ல. அது என்ன பொருள், எங்க பொருந்தும்னு பாக்கணும். நம்ம ஊர்ல ஷூட்டிங் ஸ்பாட்ல நிக்கற கேரவன் இருக்கில்ல, அமெரிக்காவுல அந்த மாதிரி வண்டியில குடும்பத்தோட ஊர் சுத்துவாங்க. அந்த மோட்டார் ஹோம் பலதுக்கும் கூரையே ரப்பர் ஷீட்தான். 1960-கள்ல சந்தைக்கு வந்த ஈ.பி.டி.எம்.ங்கற செயற்கை ரப்பர். அதை வெச்சிருக்கிறவங்க பூஜை மாதிரி ஒரு முறை வெச்சிருக்காங்க. முதல்ல மென்மையான சோப்புத் தண்ணியில தேய்ச்சுக் கழுவறது. பெட்ரோல், தின்னர் வகையறா கிட்டயே வரக்கூடாது, பட்டா ரப்பர் உப்பிடும். ரெண்டாவது, ஃபேன் துவாரம், ஓரம், திருகு, எங்கெல்லாம் ஷீட்டை வெட்டியிருக்கோ அங்கெல்லாம் சீலன்ட். ஷீட் நடுவுல பொதுவா ஒழுகாது, ஓட்டை போட்ட இடத்துலதான் ஒழுகும். மூணாவது, நல்லாக் காய்ஞ்சப்புறம் பிரைமர், மேல கோட்டிங்.

இதே மூணு படிதான் நம்ம மாடிக்கும். ஆனா வித்தியாசம் அடியில இருக்கு. வண்டியில ரப்பருக்குக் கீழ பலகை, காய்ஞ்சிருக்கும். நம்ம மாடியில கீழ 3 அங்குலத்துக்கு மழையைக் குடிச்ச சுண்ணாம்பு ஜல்லி. அது ஈரமா இருக்கறப்ப மேல ரப்பரைப் போட்டு மூடினா, வெயில் ஏறினதும் உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி மேல வரும், வழி இல்லாம கோட்டிங்கைத் தள்ளும். கொப்புளத்தோட கதை அவ்வளவுதான். எங்க மாடியில பாசியைக் கூட ஒழுங்காச் சுரண்டல, அது மேலயே அடிச்சிருந்தாங்க. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை, குழாய் வாய், டிஷ் ஆன்டெனாவுக்குத் துளை போட்ட இடம், இது எதையும் தொடல. சுவர் இடுக்குல முளைச்ச அரசங்கன்னை மேலாக வெட்டிட்டு வேரை உள்ளயே விட்டிருந்தாங்க.

அப்ப என்ன வழி? பழைய வெதரிங் கோர்ஸை முழுக்கப் பெயர்த்து எடுத்துட்டு, புது மெம்ப்ரேன் போடலாம்னு ஒரு கட்சி. கணக்குப் போட்டுப் பாத்தேன். 3 அங்குல ஜல்லிச் சுண்ணாம்பு ஒரு சதுர மீட்டருக்குத் தோராயமா 140 கிலோ. 1000 சதுர அடி மாடின்னா 13 டன். எடுத்தா கட்டடத்துக்கு பாரம் குறையும், உண்மைதான். ஆனா அந்த 13 டன்தான் மே மாசம் வெயிலுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல நிக்கற போர்வை. எடுத்தா ஏசி பில்லை நாங்கதான் கட்டணும். இதுக்கு நேர்மாறா, பழசை எடுக்காம அது மேலயே இன்னொரு சிமென்ட் தளம் போடறவங்களும் இருக்காங்க. அது ரொம்ப மோசம். ஒழுகலும் நிக்காது, பாரமும் ஏறும்.

பழைய வேலையைத் திரும்பச் செய்ய முடியாதான்னு கேட்டா, முடியுது. சேப்பாக்கம் அரண்மனையில கலஸ் மஹால் 2012 ஜனவரியில தீப்பிடிச்சு எரிஞ்சது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம்னு பழைய முறையிலயே புதுப்பிச்சாங்க. இப்ப தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு அங்கதான் நடக்குது. பக்கத்துல கூரை இடிஞ்சு கிடந்த ஹுமாயூன் மஹாலுக்கும் தேக்குச் சட்டம் போட்டு மெட்ராஸ் டெரஸ் எழுப்பினாங்க. அரண்மனைக்கு பட்ஜெட் இருக்கு. எங்க தெருவுல இருந்த ஓர் பழைய வீட்டுக்கு இல்ல. 'கூரை ஒழுகுது, ரிப்பேருக்கு ஆள் கிடைக்கல'ன்னு சொல்லி ஜாயின்ட் வென்ச்சருக்குக் குடுத்துட்டாங்க. இடிச்சப்போ ஒரு வாரம் தெரு முழுக்கச் செஞ்சாந்து நிறத்துல தூசி. தேக்கை முதல் நாளே லாரி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு.

எங்க மாடியில இப்ப நடந்துட்டிருக்கிற வேலையைச் சொல்லிடறேன். பெயர்ந்த ரப்பரை முழுக்கச் சுரண்டியாச்சு. அரசங்கன்னு வேரோட வந்தாச்சு. உடைஞ்ச ஓட்டை எடுத்துட்டுத் தட்டிப் பாத்து, சத்தம் பொள்ளுனு வந்த இடத்துல மட்டும் ஜல்லியை எடுத்துப் புதுசா சுண்ணாம்பு போடறாங்க. செங்கல்பட்டு பக்கத்துல இருந்து வந்த ஒரு பெரிய கொத்தனார், 70 வயசு இருக்கும், கலவையில கையை விட்டுப் பாத்துட்டு, "தம்பி, வெல்லம் இன்னும் ரெண்டு கிலோ வாங்கியாங்க"ன்னார். மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் "வீட்ல விசேஷமா?"ன்னு கேட்டார். மாடிக்குன்னு சொன்னேன், நம்பல.

வாட்டம் சரியான்னு ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாத்தோம். மழைநீர் சேகரிப்புக் குழாய், 2003-ல எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு வந்தப்ப போட்டது, அதுக்கு நேரா ஓடிச்சு. ஓரங்களும் மூலைகளும் மட்டும் வலையை வெச்சு ரப்பர் கோட்டிங், அது பொருந்தற இடத்துல. மிச்ச மாடி மூச்சு விடட்டும்னு வெறும் ஓடு. ஆயுத பூஜைக்குள்ள முடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கார். கீழ் வீட்டு மாமா தன் பங்குப் பணத்தை இன்னும் தரல.