நவ்ரூஸ் கணக்கும் காயல் கப்பலும்

வைகாசி கருட சேவைக்கு ஆழ்வார்திருநகரி போக, பஞ்சாங்கம் பார்த்துத்தான் டிக்கெட் போடுறோம். அந்தத் தாமிரபரணி கடலில் சேருமிடத்துக் காயல் துறைமுகத்துக்கு ஹோர்முஸிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்ததை 13-ஆம் நூற்றாண்டு மார்க்கோ போலோ சொல்கிறார்.

இந்தியப் பெருங்கடல் மாலுமிகளுக்கு எது பஞ்சாங்கம்? பாரசீகப் புத்தாண்டு, நவ்ரூஸ்! அதிலிருந்து எத்தனையாவது நாள் பாய் விரிக்கணும் என்று 15-ஆம் நூற்றாண்டு அரபு மாலுமி இப்னு மாஜித் கணக்கு எழுதினார். ஹிஜ்ரி மாதம் ஆகாது. அது வருஷத்துக்கு 11 நாள் நகரும், பருவக்காற்று நகராதே.

ஆனா இதுலயும் ஓட்டை. இந்த நவ்ரூஸ் வருஷத்துக்கு 365 நாள்தான். லீப் நாள் இல்லை. 4 வருஷத்துக்கு ஒரு நாள் முன்னால் வந்து, 632-இல் ஜூனில் இருந்தது அவர் காலத்தில் நவம்பருக்கே போய்விட்டது. திருத்தாத மாலுமி காற்றைத் தவறவிட்டுக் கரையில் கிடக்கணும்.

சிரிக்க வேண்டாம். நம்ம சித்திரை 1-உம் பருவத்தைவிட்டு சுமார் 71 வருஷத்துக்கு ஒரு நாள் நகருது.